பழைய எண், புதிய எண்

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்கள் கவலைப்பட வேண்டாம். கதை இவ்வளவுதான். மாடியில் மூத்த மருமகள், கீழே இளைய மருமகள், நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு அடுக்களையிலும் காபி வாங்கிக் குடிக்கும் மாமனார். அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மகன்கள் இரண்டு பேரும் நோய் பரவி சாலைகளை மூடியதில் ஆளுக்கொரு ஊரில் மாட்டிக்கொண்டு, தினம் ஒரு தடவை வீடியோவில் முகம் காட்டுவதோடு சரி.

மூத்தவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். தெருவில் அவளுக்குப் பேர் சீட்டு அக்கா. நகராட்சித் தேர்தல் பிரிவில் பதினெட்டு வருட உத்தியோகம். ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு வீடாகப் போய் வாக்காளர் சீட்டைக் கையில் கொடுத்து, எந்த இடம், எத்தனை மணிக்கு, என்ன அட்டை எடுத்துவர வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வருவாள். காது மந்தமானவர்களுக்கு நான்கு தடவை.

இந்த வருடம் யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. சீட்டு கிடையாது. அதற்குப் பதிலாக எல்லார் போனுக்கும் குரல் செய்தி, காலை மதியம் மாலை மூன்று வேளையும். அந்தக் குரல் யாருடையது என்கிறீர்கள்? சின்னவளுடையது!

சின்னவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள். பேருந்துகள் நின்றன, அவள் வேலையும் நின்றது. அவளைக் கையோடு கூட்டிப்போய், "எங்க வீட்டுப் பொண்ணு சார், சொன்ன வேலைய சுத்தமா செய்வா" என்று அதே அலுவலகத்தில் தற்காலிக ஆளாகச் சேர்த்துவிட்டது யார்? சாட்சாத் பெரியவளேதான். அப்போது அவள் நினைத்தது, மூலையில் உட்கார்ந்து உறை ஒட்டுவாள் என்று. மூன்றே வாரத்தில் சின்னவள் காய்கறிக் கடையில் முகக்கவசத்துக்குள்ளிருந்து "அரை கிலோ தக்காளி" என்றாலே, "ஓட்டு செய்தி பேசறவங்க நீங்கதானே!" என்று கடைக்காரர் எழுந்து நிற்கிறார். உறை ஒட்டிக்கொண்டிருப்பது பெரியவள்.

இதற்குப் பொறாமை என்று பேர் வைத்தால் பெரியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எனக்கென்ன பொறாமை? நல்லா இருக்கட்டும்" என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கழுவின டம்ளரை மறுபடி கழுவுவாள்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போக முடியாது. அன்று சாயங்காலம் சின்னவள் கையில் ஒரு தாளோடு மாடியேறி வந்தாள்.

"அக்கா, கடைசி செய்தி இதுதான். சனிக்கிழமை வரைக்கும் இதான் போகப் போகுது. ஒரு தடவை பாத்துடுங்களேன். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். கூட்டம் சேரக் கூடாது என்பதால் இந்த முறை ஒரு வட்டாரத்துக்கு இரண்டு வாக்குச்சாவடிகள். கதவு எண் ஒற்றைப்படை என்றால் நூலகம். இரட்டைப்படை என்றால் விளையாட்டுக் கூடம். குழப்பமே இல்லாமல் எழுதியிருந்தாள். கொஞ்சம் அழகாகக்கூட எழுதியிருந்தாள்.

படித்த மறு நிமிடமே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. கால்வாயை ஒட்டிய நான்கு தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள். பதினொரு வருடத்துக்கு முன் நகராட்சி புதிய எண் கொடுத்து நீலத் தகடு அடித்துவிட்டுப் போனது. வாக்காளர் பட்டியலில் இருப்பது அந்தப் புதிய எண். ஆனால் அந்தத் தெரு மனிதர்கள் ஒருவர்கூட அதைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் கதவில் பெயிண்டில் எழுதின பழைய எண்தான் வாயில் வரும். பழைய எண் இரட்டைப்படையாக இருக்கும், புதியது ஒற்றைப்படையாக இருக்கும். பாதிக்கு மேல் வீடுகள் அப்படித்தான். இது மேலதிகாரிக்குத் தெரியாது. அவர் மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சின்னவளுக்குத் தெரியாது. பெரியவளுக்குத் தெரியும், பதினெட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினதில் தெரியும்.

'புதிய எண்' என்று இரண்டே வார்த்தை சேர்த்தால் போதும்.

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு. அப்படியே படிச்சிடு" என்றாள்.

"தாங்க்ஸ்கா! நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்கு தைரியம்" என்று சின்னவள் படியிறங்கிப் போனாள்.

இவ்வளவுதான் பழைய கதை. இனி ஞாயிற்றுக்கிழமை.

விளையாட்டுக் கூடத்து வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. தரையில் ஆறடிக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு ஆள். பதினெட்டு வருட அனுபவத்துக்குப் பெரியவளுக்குக் கிடைத்த பதவி என்ன தெரியுமா? வருகிறவர் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் கருவியைப் பிடிப்பது. இன்னொரு கையால் கிருமிநாசினி ஊற்றுவது. முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் தடுப்பு, இரண்டு கையிலும் கையுறை. யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு எல்லாரையும் தெரிந்தது. அவளுக்கு முகமே தேவையில்லை, நடையே போதும்.

எட்டரை மணிக்குத் தையல்காரம்மா வந்தார். கால்வாய் முதல் தெரு, பழைய எண் இருபத்திரண்டு, புதிய எண் நாற்பத்தேழு. அவர் போக வேண்டியது நூலகம். இங்கிருந்து இருபது நிமிட நடை, அதுவும் நல்ல முட்டி உள்ளவர்களுக்கு.

பெரியவள் கருவியைப் பிடித்தாள். "காய்ச்சல் இல்ல. உள்ள போங்க."

அரை மணி கழித்துத் தையல்காரம்மா வெளியே வந்தார். "பட்டியல்ல பேரே இல்லையாம். நூலகத்துக்குப் போகணுமாம். அந்தப் பொண்ணு தெளிவா இரட்டைப்படைன்னா இங்கன்னு சொல்லுச்சே! பேசத் தெரிஞ்சா போதுமா? விஷயம் தெரிய வேணாமா?" என்று யாரிடமென்றில்லாமல் கத்தினார்.

பெரியவளுக்கு அது காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்? அத்தனை தடுப்புக்கும் உள்ளே அவள் சிரித்தாள். 'சீட்டு அக்கா இருந்திருந்தா' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

தையல்காரம்மா அதைச் சொல்லவில்லை. "நூலகமும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் ஒரு ஓட்டுல என்ன கெட்டுப்போச்சு" என்று வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

பத்து மணிக்குள் உள்ளே போனவர்களில் பாதிப் பேர் ஓட்டுப் போடாமலே வெளியே வந்தார்கள். சிலர் நூலகத்துக்குப் போனார்கள். சிலர் மரத்தடியில் கூடி நின்று வாக்குவாதம் செய்தார்கள். ஆறடி வட்டமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே இறங்கின முகக்கவசங்களோடு ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

கூடத்துப் பொறுப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், உங்களுக்கு இந்தத் தெருவெல்லாம் பழக்கமாச்சே. வாசல்லயே வீட்டு எண்ணைக் கேட்டு அனுப்பி விடுங்களேன்."

"என் வேலை காய்ச்சல் பாக்கறது சார். எண்ணு பாக்கறதுக்குத்தான் போன்ல ஒரு குரல் வெச்சிருக்கீங்களே."

அவர் வந்த வேகத்திலேயே உள்ளே திரும்பினார். சுருக்கென்று ஒன்று சொல்லிவிட்ட திருப்தியில் அடுத்த நெற்றிக்குக் கருவியை உயர்த்தினாள். அடுத்த நெற்றி மாமனாருடையது.

மாமனார் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, கைத்தடியோடு வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஒரு தடவை எலும்பு முறிந்த காலோடு நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகச் சொன்ன ஆசாமி. சட்டைப் பையில் போனைச் சத்தமாக வைத்து, பின்னால் நின்ற கடிகாரக் கடைக்காரருக்குச் சின்னவள் செய்தியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என் சின்ன மருமக. கேளுங்க, எவ்வளவு பதமா சொல்றா பாருங்க."

பிறகு திரும்பிப் பார்த்து, கையுறையையும் தடுப்பையும் மீறி அடையாளம் கண்டுகொண்டார். "அட, நீயாம்மா! நம்ம வீடு பதினாலுதானே? இரட்டைப்படை. அதான் இங்க வந்துட்டேன். சின்னவ சொன்னதுல சந்தேகமே வரலை போ. நீ ஒவ்வொரு தடவையும் வீடு வீடா நாயா அலைஞ்சு சொன்னதை அவ உக்காந்த இடத்துல ஒரே நிமிஷத்துல சொல்லிட்டா!"

அவர்கள் வீடும் கால்வாய்த் தெருவில்தான், நீலத் தகடு சின்னவள் வருவதற்கு முன்பே விழுந்துபோனது. பழைய எண் பதினாலு. புதிய எண் முப்பத்தொன்று. 'மாமா, நீங்க நூலகத்துக்குப் போகணும்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. 'நாயா அலைஞ்சு' என்ற சொல் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

தெரிந்துகொள்ளட்டுமே, என்று நினைத்தாள். அந்தக் குரல் எந்த லட்சணத்தில் வழி சொல்கிறது என்று அவரே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கருவி பீப் என்றது.

"காய்ச்சல் இல்ல மாமா. உள்ள போங்க" என்றாள்.

ஐம்பது நிமிடம் அவர் உள்ளே நின்றார். நாற்காலி போட்டால் கூட்டம் சேரும் என்று நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். கதவு இடுக்கு வழியாக அவர் முதுகு தெரிந்தது. கைத்தடியை வலது கையிலிருந்து இடது கைக்கும், இடதிலிருந்து வலதுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். பெரியவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயற்சி செய்தாள். மறுபடி பார்த்தாள்.

வெளியே வந்தபோது அவர் பின்பக்கக் கதவால் வந்தார். கடிகாரக் கடைக்காரர், "என்ன சார், உங்க மருமக பதமா சொன்னதுல நமக்கு ரெண்டு பேருக்கும் பேரு இல்லையாமே" என்று குத்தலாகச் சொன்னார். மாமனார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அணைத்துவிட்டு, சாலையோரமாக மெதுவாக நடந்து போனார். நூலகம் இருந்த திசையில் இல்லை, வீடு இருந்த திசையில்.

காலையில் பாய்ந்த தேன் இப்போது கசந்தது. அதற்கும் அவள் சின்னவள் மேல்தான் கோபப்பட்டாள். அவள் ஒழுங்காக எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லையே என்று மனசுக்குள் ஒரு வழக்கு நடத்தி, தன் பக்கமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. சின்னவள்.

அலுவலகத்தில் உதவி எண்ணுக்குப் பதில் சொல்லும் மேசையில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து ஊரார் அத்தனை பேரும் அவளைத்தான் திட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் ஊரே கொண்டாடின குரல் இப்போது கம்மிப் போயிருந்தது.

"அக்கா, உங்க பக்கம் எத்தனை பேரு திரும்பிப் போனாங்க?"

"தெரியல. நூறுக்கு மேல இருக்கும்."

"நூத்திப் பதினெட்டாம். நூலகத்துக்கு வந்து சேந்தது நாப்பத்தொரு பேருதான். மீதிப் பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க அக்கா. அஞ்சு மணியோட நோய் இல்லாதவங்களுக்கு நேரம் முடிஞ்சிடும். கடைசி ஒரு மணி நோயாளிகளுக்கு மட்டும். அதிகாரி குதிகுதின்னு குதிக்கிறாரு. எழுதினதை யாரு சரிபாத்ததுன்னு கேட்டாரு."

பெரியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ என்ன சொன்ன?"

"நானே எழுதி நானே படிச்சேன், யாரும் பாக்கலைன்னு சொல்லிட்டேன். நீங்க பாத்தீங்கன்னு சொல்லலை. கண்ணு தவறியிருக்கும், யாருக்குத்தான் தவறாது? உங்க பதினெட்டு வருஷப் பேரு கெட்டுப்போகக் கூடாதுக்கா. நான் தற்காலிக ஆளுதான். போனா போகட்டும்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நெகிழ்ந்து போயிருப்பார்கள். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரலும் அவளுக்கு. பேரும் அவளுக்கு. மாமாவும் அவள் பக்கம். கடைசியில் நல்லவள் பட்டமும் இவளுக்கேவா? தன்னைக் காப்பாற்ற இவள் யார்? கண்ணு தவறிப்போச்சாமே, யாருக்கு? எனக்கா?

"ஒண்ணும் கண்ணு தவறலை" என்றாள். கூடத்து வாசல் என்பதுகூட மறந்து சத்தமாகவே வந்தது. "புதன்கிழமையே பாத்தேன். படிச்ச உடனே தெரிஞ்சுது. அந்த நாலு தெருவுக்கும் ரெண்டு எண்ணு உண்டு. புதிய எண்ணுன்னு போடணும். வேணும்னேதான் சொல்லலை."

போனில் சின்னவளுக்குப் பின்னால் வேறு போன்கள் விடாமல் அடித்தன. சின்னவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"சரி" என்றாள் சின்னவள். பேருந்து நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்வாளே, அந்தத் தொனி. "இப்ப என்ன சொன்னா அந்தத் தெரு ஆளுங்களுக்குப் புரியும்?"

பெரியவள் முகத் தடுப்பை மேலே தூக்கிவிட்டாள்.

"அக்கா. நேரம் போயிட்டிருக்கு."

"நீலத் தகட்டுல இருக்கிற எண்ணைப் பாக்கச் சொல்லு. கதவுல பெயிண்ட்ல எழுதினது பழசு, அதைப் பாக்காதீங்கன்னு சொல்லு. தகடு விழுந்துபோன வீடுங்க நிறைய உண்டு. அவங்களுக்கு... அவங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லணும்."

சின்னவள் போனை வைத்துவிட்டாள். வைக்கிறேன் அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் முதல் தடவை.

இருபது நிமிடத்தில் வரிசையில் நின்றவர்களின் போன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. மரத்தடியில் யாரோ சத்தமாக வைத்தார்கள். சின்னவள் குரல் நடுங்காமல் வந்தது.

"கால்வாய்த் தெருக்களில் இருப்பவர்களுக்கு ஒரு திருத்தம். தவறு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு நீலத் தகட்டில் உள்ள புதிய எண்ணைப் பாருங்கள். ஒற்றைப்படை என்றால் நூலகம், இரட்டைப்படை என்றால் விளையாட்டுக் கூடம். தகடு இல்லையென்றால் உங்கள் சீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு வீட்டு எண்ணும் அவருக்கு மனப்பாடம்." தொடர்ந்து பெரியவளின் போன் எண். இரண்டு தடவை, நிறுத்தி நிதானமாக.

ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை.

முதல் அழைப்பு அடுத்த நிமிடமே வந்தது. காய்ச்சல் கருவியைப் பக்கத்திலிருந்த பெண்ணின் கையில் திணித்துவிட்டுப் பெரியவள் சுவரோரமாகப் போய் நின்றாள்.

"சீட்டு அக்காவா? நாங்க ரெண்டாம் தெரு, புறா வளக்கிற வீட்டு மாடி."

"உங்களுக்கு ஐம்பத்தாறு. விளையாட்டுக் கூடம். அட்டை மறக்காதீங்க."

"அக்கா, தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு..."

"முன்பக்கம் பத்தொம்பது, பின்பக்கம் இருபது. உங்க அப்பாவுக்கு நூலகம். உங்களுக்கு இங்க. சேந்து கிளம்பாதீங்க, அலைச்சல்."

இப்படியே மூன்று மணி நேரம். பட்டியலைப் புரட்டவில்லை, ஒருவரைக்கூடக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஊரே அவளைக் கூப்பிட்டது. இந்த மூன்று வாரமாக எதற்கு ஏங்கிச் செத்தாளோ அது மடி நிறைய வந்து விழுந்தது. அதை அனுபவிக்கத்தான் மனசு இல்லை. கொடுத்தது சின்னவள் கை என்பது அவளுக்குத் தெரியும்.

இடையில் தானாகவே தையல்காரம்மாவுக்குப் போன் போட்டாள். "நாற்பத்தேழும்மா. நூலகம். ஆட்டோ சொல்லட்டுமா?"

"நல்ல நேரத்துல சொன்ன போ. வெந்நீர்ல காலை வெச்சு உக்காந்துட்டேன். இனி எழுந்திரிக்க மாட்டேன். அடுத்த தடவை பாத்துக்கலாம். அதுக்குள்ள நான் இருந்தா." அவர் வைத்துவிட்டார். சரியாக்க முடியாத கணக்கில் ஒன்று கூடிற்று.

மாமனாருக்கு நான்கு தடவை அடித்தாள். அணைத்து வைத்திருந்தார்.

நாலு நாற்பதுக்கு அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பெரியவள் பாய்ந்து எடுத்தாள்.

"மாமா! எங்க இருக்கீங்க? நம்ம வீட்டுக்கு முப்பத்தொண்ணு. நூலகம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, நான் வண்டி..."

"நூலகத்துலதான் நிக்கிறேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. சின்னவ ஆபீஸ் வண்டியைக் கேட்டு வாங்கிட்டு வந்து கூட்டிட்டு வந்தா."

பெரியவளுக்கு ஆசுவாசம் வர வேண்டும், வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது. கூட்டிக்கொண்டு போனதும் அவள்தானா! இந்த நேரத்திலும் இப்படித் தோன்றியதற்கு அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. தோன்றாமல் இருக்கத் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார் மாமனார். "ஊர்ல ஒவ்வொரு வீட்டு எண்ணும் உனக்கு மனப்பாடம்னு வண்டியில வரும்போது சின்னவ சொன்னாளே. அதைக் கேட்டதுலேருந்து யோசிச்சிட்டே நிக்கிறேன். நம்ம வீட்டு எண்ணு உனக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரியும் மாமா."

"காலையில நான் வாசல்ல பதினாலுன்னு சொன்னேன். நீ என் நெத்தியில அதைப் பிடிச்சிட்டு உள்ள போங்கன்னு சொன்ன. அப்பவும் தெரியுமா?"

வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். முகக்கவசத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லலாம். இரண்டும் வாயில் தயாராக இருந்தன.

"அப்பவும் தெரியும்" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ, "அடுத்த ஆள் வாங்க" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நாப்பது வருஷம் லிஃப்ட் வேலை பாத்தேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். "கம்பி தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் ஆளை ஏத்தினவன் ஒருத்தன் இருந்தான். மேஸ்திரி மேல இருந்த கோபத்துல ஏத்தினான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் நாங்க யாரும் அவன் பாத்த லிஃப்ட்ல ஏறல. இந்தா, சின்னவகிட்ட பேசு. என் முறை வந்திடுச்சு."

போன் கை மாறும் உரசல் கேட்டது. சின்னவள் பக்கத்திலேயேதான் நின்றிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாமாவையுமா அக்கா?"

பெரியவள் சுவரில் சாய்ந்தாள்.

"என் மேல கோபம், எனக்குச் செஞ்சீங்க. அதை நான் எப்படியோ முழுங்கிட்டேன். மத்தியானம் முழுக்க உங்களுக்காக ஒரு காரணம் தேடிட்டே இருந்தேன். அவரு ஐம்பது நிமிஷம் நின்னிருக்காரு. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தாரு. நான் தப்பா சொல்லிட்டேன்னு அவரு என்னைக் கேக்கக்கூட இல்ல அக்கா. எனக்கு சங்கடமா இருக்கும்னு போனை அணைச்சு வெச்சிருந்தாரு."

"நான்..." என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

கூடத்து வாசலில் மணி அடித்தார்கள். ஐந்து. பாதுகாப்பு உடை போட்ட இரண்டு பேர் நோயாளிகள் வரும் வழிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். சீட்டு அக்கா கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று யாரோ மரியாதையாகச் சொன்னார்கள். அவள் தள்ளி நின்றாள்.

"எழுதினதை யாரு சரிபாத்ததுன்னு நாளைக்குப் பத்து மணிக்குள்ள எழுத்துல தரணும்னு அதிகாரி ஒரு தாள் குடுத்திருக்காரு" என்றாள் சின்னவள். "நீங்க போன்ல அப்படிச் சொன்ன பிறகும், யாரும் பாக்கலைன்னுதான் அதுல எழுதி வெச்சிருந்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஒரு காகிதம் கிழிபடும் சத்தம் நன்றாகவே கேட்டது.

"இன்னொரு தாள் வாங்கிட்டு வீட்டுக்கு வரேன். அதை நீங்களே எழுதுங்க."